வெற்றிச்செல்விக்காக ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா

அரியலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கலைமணிக்கு முகூர்த்த மாதம் முடிவதற்குள் கனத்த கேமராவைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஆனால் முகம் இன்னும் தெளிவாக விழும் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்க நினைத்தது இடுப்புக்காக அல்ல, மனைவி வெற்றிச்செல்வியின் கண்ணுக்காக. அவன் எடுத்துவரும் முகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுப்பாக்கிக் கொடுப்பவள் அவள்தான். இந்தப் பக்கம் பெண் எந்த நிறத்தில் பிறந்திருந்தாலும் ஆல்பத்தில் சிவப்பாகத்தான் இருந்தாக வேண்டும். பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. வேலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

முகம் நன்றாக விழுந்தால் அவளுக்குப் பாதி வேலை மிச்சம் என்று பாவம், இவன் நம்பினான். திருச்சியிலிருந்து இரண்டு கேமராக்களை வாடகைக்கு எடுத்துவந்து, கீழப்பழுவூர்க் கல்யாணத்தில் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தான். ஒன்று ஆள் ஓடினாலும் கண்ணை விடாமல் பிடித்தது, ஆனால் எல்லோருக்கும் ரோஸ் பவுடர் அப்பியது. இன்னொன்று கொஞ்சம் மந்தம். ஆனால் ஃபிளாஷ் இல்லாமலே, மண்டபத்து மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பை அதன் பளபளப்போடு எடுத்தது. மணப்பெண் சிவரஞ்சனி அதில் அத்தனை அழகாக இருந்தாள். இந்த அழகையா இத்தனை வருஷமாக அழித்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இதைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தான்.

சிவரஞ்சனியின் அம்மா படம் பார்க்க வந்து முகத்தைச் சுளித்தாள். "என்னா தம்பி, புள்ளய இப்படி எடுத்து வச்சிருக்கீங்க? சம்பந்தி வூட்டுல என்னா சொல்லுவாங்க? நல்லா வெளுப்பா பண்ணிக் குடுங்க."

அவள் போனதும் வெற்றிச்செல்வி சொன்னாள்: "எதுல எடுத்தாலும் கடைசில நான்தாங்க உக்காரணும். ரெண்டையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

கலைமணிக்கு வெறுத்துப்போனது. திருப்பிக் கொடுக்குமுன், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை அந்த இரண்டாவது கேமராவில் ஒரு படம் எடுத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை ஒழுங்காகப் படமெடுத்ததே இல்லை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கி அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"எவ்வளவு நல்லாருக்க பாரு, செல்வி."

"எங்க நல்லாருக்கு? கண்ணுக்குக் கீழ கரி பூசினாப்ல இருக்கு. இருங்க."

வேண்டாமென்று அவன் வாயெடுப்பதற்குள் அவள் கை பழக்கத்தில் ஓடிவிட்டது. கருவளையம் போனது, நெற்றிச் சுருக்கம் போனது, நிறமும் போனது. "இப்ப பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததாகச் சிவரஞ்சனியின் படத்தைத் திறந்தாள்.