ஆமா போட்டவர்

14 ஜூன் 2025, சனி

நேற்று வகுப்புக்கான ஒலிப்பதிவுப் படிவத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். ‘பாடியவர் ஒருவர், ஆமா போட்டவர் ஒருவர்’ என்று எழுதினேன். ஆமா போட அங்கே ஆளே இல்லை. நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஈப்போ நாட்டுப்பாடல் மாலை வகுப்பில் என் ஆய்வு, பொன்னாயி சிந்து. தோட்டத்துக் கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணின் பாட்டு. அது எங்கே பிறந்து எப்படிப் பரவியது என்று தேடுகிறேன். முதலில் லூமுட். பிறகு ஜெலாப்பாங். நேற்று சுங்காயில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடுகள்.

ஒவ்வோர் அடி முடிந்ததும் ஒருவர் ‘ஆமா’ போடுவது வழக்கம். சுங்காயில் பாடும் ஜெயபாலன் அண்ணனுக்கு அவர் மனைவி பாப்பா அக்கா போடுவார். பதிவில் ஒரே குரல் இருக்கட்டும் என்று, முதல் இரண்டு ஊர்களில் செய்ததுபோலவே, அக்காவை வெளியே இருக்கச் சொன்னேன்.

“ஆள் இல்லாம பாடுனா பொன்னாயியே வந்து போடுவா லா. அப்புறம், ஆள வெளிய அனுப்புனவங்க கூடவே போயிருவா,” என்றார் அக்கா.

“புள்ளைய பயங்காட்டாத. போய் பாலில்லாம தே ஓ கலக்கு,” என்று அண்ணன் சிரித்தார்.

மாலை 6:41. தொடங்கினார்.

ஐந்தாவது அடி. பாட்டில் கிணறு வந்தது.

ஆமா...

எனக்குப் பின்னால். அக்கா உள்ளே வந்துவிட்டார் என்று, நிமிராமலே படிவத்தில் குறித்தேன்.

பிறகு ஜன்னலைப் பார்த்தேன். அக்கா குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

“நீயா சொன்ன?”

“இல்லண்ணே.”

“கெளம்பும்மா. இப்பவே.”

வழக்கம்போல் என் பெயரையும் ஊரையும் சொல்லி, 6:49க்குப் பதிவை முடித்தேன்.

இன்று மூன்று பதிவுகளையும் ஹெட்போனில் கேட்டேன்.

லூமுட். ஐந்தாவது அடி. ஆமா... தெருக்கோடியிலிருந்து வருவதுபோல்.

ஜெலாப்பாங். ஆமா... வாசலில்.

இரண்டையும் இதுவரை நான் கவனிக்கவே இல்லை.

சுங்காய். மைக்கை ஒட்டி. மூச்சுகூடக் கேட்டது.

கடைசியில் என் குரல். “பதிவு செய்தவர் தேவிஸ்ரீ, ஈப்போ.”

ஆமா...

நாளை ஞாயிறு. காலை 8:10 பஸ்ஸில் சுங்காய் போக வேண்டும். அவளுக்குப் பதில் பாப்பா அக்காவை ஆமா போடச் சொல்லி, பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.