கருப்பனுக்கு நான் சொன்ன ‘வேண்டாம்’

கருப்பசாமி குடிக்கப் போனதைத் தடுத்து ஜெயித்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமெல்லாம் எனக்கு ஒத்துவராது.

திண்டுக்கல்லில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போதைத் தடுப்பு வகுப்பு எடுக்க ஓர் அக்கா வந்தார். குடித்துக் குடித்துக் கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டினார். அன்று மதியம் எங்களில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது நீட்டினால் என்ன செய்வது என்றும் பழக்கினார். நீட்டியவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், சத்தமாக ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும், காரணம் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஒருத்தி நீட்ட, இன்னொருத்தி மறுக்க, வகுப்பே சந்தைக்கடையானது. “சொந்தக்காரங்க நீட்டினாலுமா?” என்று கேட்டேன். “யாரா இருந்தாலும்” என்றார் அக்கா. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே சளிக்கு அம்மா கஷாயம் நீட்டினாள். கண்ணைப் பார்த்து, “வேண்டாம், ஈரல் கெட்டுரும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அம்மா கரண்டியோடு தெருமுனை வரை துரத்தினாள்.

அப்பா பூவும் காய்கறியும் ஏற்றிவருகிற லோடு வண்டி ஓட்டினார். சாயங்காலமானால் நேரே சாராயக் கடை, அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் சண்டை. அந்தத் தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போனார். மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவது எங்கள் தெரு ஆண்களின் வழக்கம். அப்பா போகவில்லை. மாசி போனது, பங்குனி போனது, அப்போதும் போகவில்லை. கண்ணுபட்டுவிடும் என்று அம்மா இதை வெளியே மூச்சுவிடவில்லை.

ஆனால் ஆடி நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கருப்பனுக்கு ஆடியில் கிடாவெட்டு நடக்கும். அருள் வந்து ஆடுவது அப்பா. கருப்பனுக்குப் படைக்கிற சாராயத்தைச் சாமியாடிதான் வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு மடக்கு உள்ளே போனால் அவர் பழைய அப்பாவாகிவிடுவார் என்பது எனக்கே தெரியும்.

இந்த ஒரு வருஷம் பாட்டில் இல்லாமல் படைக்கலாமே என்று அம்மா பெரியப்பாவிடம் கெஞ்சினாள்.

“சாமி காரியத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு? குடிக்கிறது ஒம் புருசனா? கருப்பன்ல குடிக்கிறான்!” என்றார் பெரியப்பா. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே கிடாவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

உச்சி வெயிலில் உருமி முழங்க, அப்பாவின் மேல் கருப்பன் இறங்கினான். அரிவாளோடு கோயிலைச் சுற்றிவந்து, “எங்கலே எம் படையல்?” என்று அதட்டினான். பெரியப்பா பாட்டில் மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நடுவில் நின்றேன். பெரியப்பாவின் கண்ணைப் பார்த்தேன்.

“வேண்டாம்! ஈரல் கெட்டுரும்!”

உருமி நின்றுவிட்டது. “யாருக்குடி ஈரல் கெடும்?” என்றார் பெரியப்பா.

“கருப்பனுக்கு!”

யாரோ சிரித்தார்கள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “இந்தக் கழுதயப் புடிச்சு இழுங்கடா” என்று பெரியப்பா கத்த, சித்தப்பா ஒருவர் என் கையைப் பிடித்தார்.

“விடுறா அவள!” என்றான் கருப்பன். “புள்ள சொன்னது காதுல விழுகலையா? எனக்கு வேண்டாம். எந்த வருசமும் வேண்டாம். பானகம் கொண்டா!”

“சாமி, காலங்காலமா உனக்கு இதத்தான…”

“பானகம்னேன்!”

சாமி வாக்குக்கு மேல் யாரிடம் போய் முறையிடுவது? பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தார்கள். கருப்பன் ஒரு சொம்பையும் அண்ணாந்து குடித்தான். பெண்கள் போட்ட குலவையில் புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. கருப்பன் கைகாட்டிய இடத்தில் பெரியப்பா அந்த பாட்டிலைக் கவிழ்த்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அக்கா சொன்னபடி இனி நகர வேண்டியதுதான். நகரப் போனேன். தோளில் ஒரு கை விழுந்தது. வியர்த்து ஈரமாக இருந்தது, நடுங்கியது.

“செத்த நேரம் இங்கனயே நில்லு தாயி” என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி குரல் வந்தது.

கிடா வெட்டி முடிகிற வரைக்கும், அருள் இறங்குகிற வரைக்கும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அதற்குப் பிறகு அப்பா குடிக்கவே இல்லை. எங்கள் கருப்பன் இன்றுவரை பானகம்தான் குடிக்கிறான். பெரியப்பாவுக்கு அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

அவ்வளவு பெரிய சாமியே பயந்துபோய் என்னைத் துணைக்கு நிற்கச் சொன்னது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வீட்டிலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். நான் சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். என்னைத் துணைக்கு நிற்கச் சொன்னது சாமி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.