நீல வயர்தான்மா

அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சர்வரக்கா. வருகைப் பதிவில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

வேலையைப் பற்றி உறவுக்காரர்களிடம் விளக்கி விளக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது, அவளுடைய சித்தி வெகு அக்கறையாக, "எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டாள்.

"ஹோட்டல் இல்ல சித்தி, கம்ப்யூட்டர். எல்லா கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும்."

"அப்ப பரிமாற வேண்டியதில்லையா?"

"இதுவும் பரிமாறுறதுதான் சித்தி. ஆனா நல்லா இருந்துச்சுன்னு ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டாங்க."

படித்தது தாவரவியல். பரிசோதனை முடிவுகளை டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். அப்போது சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போகும் நாளில், பக்கத்து நாற்காலியில் இருந்தவள் என்ற ஒரே தகுதிக்காக, அறைச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்க, திங்கக்கிழமை போன் பண்றேன்" என்றார். அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. அதன்பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் அவள் கோபத்தில்தான் கற்றுக்கொண்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும் அந்த யுனிக்ஸ் சர்வரைத் திட்டிக்கொண்டே கட்டளைகளை அடிப்பாள். அது பதில் சொன்னால் அதற்கும் ஒரு திட்டு. யார் மீதும் அவளுக்குப் பகை கிடையாது. எல்லார் மீதும் எரிச்சல் மட்டும் உண்டு.

சர்வரின் மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை கருகிப்போனது ஒரு வாரநாளில். சர்வர் விற்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய மெக்கானிக் ஒருவர் மறுநாள் காலையில் வந்து, புதுப் பலகையைப் பொருத்தி, பச்சை விளக்கு எரிந்ததைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியிருக்காது, வரவேற்பறையிலிருந்து குரல் வந்தது.

"சர்வரக்கா, எதுவுமே வரல!"

அந்த சர்வரின் முதுகில் இரண்டு நெட்வொர்க் துளைகள். ஒன்றிலிருந்து நீல வயர் கிளம்பி, ரத்தத்தை அலசும் மெஷின்கள் இருக்கும் அறைக்குப் போகும். இன்னொன்றிலிருந்து மஞ்சள் வயர் வரவேற்பறைக்கும் டாக்டரம்மாவின் மேஜைக்கும் போகும். சர்வரின் கணக்கில் நீலத்தின் பெயர் ஈத்-ஜீரோ, மஞ்சளின் பெயர் ஈத்-ஒன். முடிவுகளை வாங்கித் தரும் மென்பொருள் பழையது. ஈத்-ஜீரோ என்ற பெயரில் வருவதை மட்டும்தான் அது வாங்கும். வேறு பெயரில் எது வந்தாலும் தெரியாதவர் வீட்டு விருந்தாளிபோல வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அவள் உட்கார்ந்து பார்த்தாள். ஈத்-ஜீரோவும் இல்லை, ஈத்-ஒன்னும் இல்லை. ஈத்-டூ, ஈத்-த்ரீ என்று இரண்டு பேர் புதிதாக நின்றார்கள்.

"அட, யாருடா நீங்க?" என்றாள்.

யோசித்தபோது புரிந்தது. ஒவ்வொரு துளைக்கும் தொழிற்சாலையில் பதித்த நீளமான முகவரி ஒன்று உண்டு. எந்த முகவரிக்கு எந்தப் பெயர் என்பதை சர்வர் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். பழைய பலகை குப்பைக்குப் போனது அதற்குத் தெரியாது. செத்த பலகையின் இரண்டு பெயர்களையும் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக வந்தவற்றுக்கு அடுத்த எண்களைக் கொடுத்துவிட்டது.

டாக்டரம்மா கதவருகே வந்து நின்றார். கூடத்தின் உரிமையாளர் அவர்தான். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"என்னம்மா பிரச்சினை?"

"பேர் மாறிடுச்சு டாக்டர்."

"யார் பேர்?"

"வயர் பேர்."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். "அப்ப பழைய பேரை வச்சிடு. அவ்வளவுதானே? வெளிய இவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க."

அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதானே'யைக் கேட்கும்போதெல்லாம் சர்வரக்காவுக்குக் காதுமடல் சூடாகும்.

அந்த நேரம் பார்த்துக் கணவன் போன் செய்தான். அவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன், எதற்கும் பதறாதவன். குடியிருக்கும் வீட்டை அவர்கள் காலி செய்தாக வேண்டும். பல மாதம் தேடி, ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒரு குறை கண்டுபிடித்து, கடைசியில் ஒரு வீடு அமைந்துவரும்போல இருந்தது. அன்றைக்குத்தான் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து காட்டுவதாக ஏற்பாடு.

"கிளம்பிட்டியா?"

"எங்கங்க கிளம்புறது? இங்க குடி முழுகுது. நீங்க போய்ப் பாருங்க. சமையல்கட்டை நல்லாப் பாருங்க."

"பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்றான். அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

கோப்பைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. செத்த முகவரிகளை அழித்துவிட்டு, அந்தப் பெயர்களுக்கு நேரே புது முகவரிகளை எழுத வேண்டும். ஆனால் எந்த முகவரி எந்தத் துளையுடையது? புதுப் பலகையில் ஒன்று, இரண்டு என்றுகூட எழுதியிருக்கவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"புத்தகத்துல காட்டின முதல் துளையில மஞ்சள்தான் மேடம் சொருகினேன்" என்றார் அவர், பின்னால் ஹாரன் சத்தத்தோடு.

"நிச்சயமாவா?"

"மஞ்சள்தான் மேடம். ஞாபகம் இருக்கு."

இருந்தாலும் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒரு கட்டளை கொடுத்தால், கேட்ட துளையின் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும். யாராவது பின்னால் நின்று எது மின்னுகிறது என்று சொல்ல வேண்டும். அந்த அறை முன்பு எக்ஸ்ரே படம் கழுவிய இருட்டறை. ஜன்னல் கிடையாது. ஏசி ஒழுகுகிறது என்று சர்வர் அலமாரியைச் சுவரோடு நெருக்கித் தள்ளியிருந்தார்கள். அந்தச் சந்தில் புக அவள் உடம்பு ஒத்துக்கொள்ளாது. கூடத்தில் அவ்வளவு ஒல்லியான ஆள் ஒருவர்தான் இருந்தார், கணக்கர்.

கணக்கருக்குப் பட்டப்பெயர் நிதானம். நேரில் எல்லோரும் சார் என்பார்கள். மணி என்ன என்று கேட்டால்கூட, கடிகாரத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து சந்துக்குள் போனார்.

சர்வரக்கா முதல் துளைக்குக் கட்டளை கொடுத்தாள். "சார், எது மின்னுது?"

சந்துக்குள் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்!"

"பாத்துட்டிருக்கேன்மா." பிறகு, "ரெண்டும் மின்னுது" என்றார்.

"ரெண்டும் மின்னாது சார். ஒண்ணுதான் மின்னும்."

"இல்லம்மா. ஒண்ணு படபடன்னு மின்னுது. ஒண்ணு மெதுவா, விட்டுவிட்டு மின்னுது."

"அந்த மெதுவா மின்னுறதுதான் சார்! எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"யாருக்கு இடது?"

"எனக்கு இடது. நான்தானே இங்க நிக்கிறேன்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சார், பக்கத்தை விடுங்க. அதுல என்ன கலர் வயர் இருக்கு?"

"நீலம்."

"மஞ்சளா இருக்கும், நல்லாப் பாருங்க."

"நீலம்மா."

"மெக்கானிக் மஞ்சள்னு சொல்றாரு!"

"அவர் இங்க இல்லையேம்மா. நான் பாக்கறது நீல வயர்தான்மா."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "அந்த இருட்டுல உங்களுக்கு நீலம் எது, மஞ்சள் எதுன்னு தெரியல சார்! ஒரு கலரைக் கேட்டா சொல்றதுக்கு இவ்வளவு நேரம், சொல்றதும் தப்பு! வெளிய வாங்க, போதும்!"

குரல் வரவேற்பறைவரை போயிருக்கும். இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூட இருமுவதை நிறுத்தினார். நிதானம் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. நேராகத் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் சொன்னபடியே முதல் முகவரிக்கு ஈத்-ஒன் என்றும், அடுத்ததற்கு ஈத்-ஜீரோ என்றும் எழுதி, சர்வரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு குழந்தை பெற்று வளர்த்துவிடலாம். எழுந்ததும் பார்த்தாள். ஈத்-ஜீரோ இருந்தது, ஈத்-ஒன்னும் இருந்தது. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"சர்வரக்கா, இன்னும் எதுவும் வரல!"

மெஷின் அறைக்கு ஓடினாள். அங்கே லேப் டெக்னீஷியன் ஒவ்வொரு மெஷினின் குட்டித் திரையையும் குனிந்து பார்த்து முடிவுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். "நீ எதையாவது தொட்டியா?" என்று அவளிடம் எரிந்து விழுந்தாள். "பேனாவைத் தொட்டேன்க்கா" என்று பதில் வந்தது. வயரை உருவி மறுபடி சொருகினாள். மென்பொருள் எழுதிய கம்பெனியில் மிச்சமிருந்த ஒரே மனிதரை போனில் பிடித்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?" என்றார். என்ன சொல்லி வைத்தாள் என்பதை எழுதாமல் விடுவது நல்லது.

மறுபடி கணவன்.

"வீடு நல்லா இருக்கு. இன்னொரு குடும்பமும் பாக்க வந்திருக்காங்க. சரின்னு சொல்லிடவா?"

"சமையல்கட்டு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா?"

"சமையல்கட்டு மாதிரி இருக்கு."

"பிரிட்ஜ் வைக்க இடம் இருக்கா?"

"இருக்கும்."

"இருக்கா, இருக்குமா?"

"நான் இப்ப பாக்கறதுக்கு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றான்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க!" என்று கத்தியவள் அப்படியே நின்றாள். கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

சர்வர் அறைக்குத் திரும்பி, முதல் துளையின் விளக்கை மறுபடி மின்னவிட்டு, அலமாரிக்குப் பின்னால் கையை எட்டின மட்டும் நீட்டி, போனில் வீடியோ எடுத்தாள். பார்த்தாள். ஒரு விளக்கு மெதுவாக, விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அந்தத் துளையில் இருந்தது நீல வயர். இருட்டெல்லாம் ஒன்றும் இல்லை, பட்டப்பகல்போலத் தெரிந்தது.

எரிச்சல் போகவில்லை. திரும்பி அவள்மேலேயே விழுந்தது. காலையிலேயே இந்தப் போன் அவள் கையில்தானே இருந்தது?

இரண்டு பெயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஒரே பெயரை இருவருக்கு வைக்க சர்வர் விடாது. இரண்டு சொம்புத் தண்ணீரை மாற்றி ஊற்ற மூன்றாவது சொம்பு வேண்டியதைப்போல, நடுவில் ஒரு தற்காலிகப் பெயர் தேவை. இரண்டு துளைகளையும் முடக்கிவிட்டு, ஒன்றின் ஈத்-ஜீரோவை எடுத்துத் தற்காலிகப் பெயர் கொடுக்க விரலை வைத்தபோது வேறு வார்த்தை தோன்றவில்லை. 'நிதானம்' என்று அடித்தாள். மற்றது ஈத்-ஜீரோ ஆயிற்று. நிதானம் ஈத்-ஒன் ஆயிற்று. கோப்பிலும் திருத்திவிட்டு, துளைகளை உயிர்ப்பித்தாள்.

மெஷின் அறையிலிருந்து லேப் டெக்னீஷியன், "வருதுக்கா, வருது!" என்று கூவினாள். வரவேற்பறை பிரிண்டர் காகிதம் தள்ள ஆரம்பித்தது. டாக்டரம்மா எட்டிப்பார்த்து, "பேர் மாத்தறதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார்.

கணக்கர் மேஜைக்குப் போனாள். அவர் தலைநிமிரவில்லை. ஒட்டடை இன்னும் தலையிலேயே இருந்தது.

"சார், நீல வயர்தான்."

"தெரியும்மா."

"தப்பு என் மேலதான் சார். உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கண்ணாடி போன மாசம்தான் மாத்தினேன்" என்றார். பிறகு, "நீ சொன்னது சரிம்மா. ஆனா நீ கத்தினது வரவேற்பறை வரைக்கும் கேட்டுச்சு. இப்ப சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுது" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. திட்டுவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. பத்துப் பேர் முன்னால் தாழ்ந்துபோவது பழக்கமில்லை. ஆனாலும் போனாள். நோயாளிகள் காகிதத்துக்காக நெருக்கியடித்த இடத்தில் நின்றுகொண்டு, வரவேற்பாளப் பெண்ணிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாக, "கணக்கர் சார் காலையிலயே சரியாத்தான் சொன்னாரு. நான்தான் கேக்கல. அதான் உங்களுக்கெல்லாம் இவ்வளவு நேரமாச்சு" என்றாள். இருமல்காரப் பெரியவர், "பரவாயில்லம்மா, என் ரிப்போர்ட்டைக் குடு" என்றார்.

சாயங்காலம் நேராக அந்த வீட்டுக்குப் போனாள். முன்பணம் கொடுத்து முடித்துவிட்டு, கணவன் சாவியோடு வாசலில் நின்றான். வெளிச்சமான வீடு, காற்றோட்டமான அறைகள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சமையல்கட்டில் பிரிட்ஜுக்கு இடமும் இருந்தது. ஆனால் அதை அங்கே வைத்தால் அதன் கதவைப் பாதிகூடத் திறக்க முடியாது, எதிரே மேடை இடிக்கும்.

"வைக்க இடம் இருக்கான்னுதானே கேட்ட?" என்றான் அவன். "திறக்கறதைப் பத்தி நீ கேக்கலயே."

அவள் வாயைத் திறந்தாள். கத்துவதற்கான மூச்சையும் இழுத்தாள். அன்றைய கோட்டா தீர்ந்துவிட்டதுபோல, ஒன்றும் வரவில்லை. சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "ஹால்ல வைங்க" என்றாள்.

பிரிட்ஜ் இன்றும் ஹாலில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். அவள் எல்லோரிடமும் எரிச்சலோடு விளக்குகிறாள்.