மேரிக்கு ஓர் அர்ச்சனை

அயர்லாந்துக்காரர்கள் தங்கள் சினிமாவுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் தேசிய விருது கொடுத்து ஒரு விழா எடுக்கிறார்கள் என்பது பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்க வருகிற யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். அந்த விருதுகளில் ஒன்றை ஒருத்திக்குக் கிடைக்காமல் செய்தவள் நான்தான் என்று நம்பி, ஒன்பது வயதில் தலையணை நனைய அழுதிருக்கிறேன்.

அப்பா அப்போது ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம் ஓர் ஐரிஷ்காரரின் பாரில் குசினி வேலை செய்தார். அவரை நாங்கள் ‘பத்ரோன்’ என்போம். பாரிஸ் தமிழர் வீடுகளில் எல்லா முதலாளிக்கும் அதுதான் பெயர். எங்கள் பத்ரோன் நல்ல மனிதர். வதிவிட அனுமதி கொடுக்கிற பிரெபெக்சர் அலுவலகத்துக்கு வேண்டிய கடிதங்களையெல்லாம் எழுதிக் கொடுத்து, அப்பாவோடு தானும் போய் வரிசையில் நின்று, ஒரு வருடக் கார்ட் எடுத்துக் கொடுத்தவர். அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்.

பத்ரோனின் ஒரே மகள் மேரி, டப்ளினில் நடிகை. ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் தாதியாக வந்தாள். அந்த வருடம் துணை நடிகைக்கான விருதுக்குத் தெரிவானவர்களில் அவளும் ஒருத்தி. செய்தி வந்த அன்று பத்ரோன் குசினிக்குள் ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாராம். மேரிக்கு விருது கிடைத்தால் அவளுக்கு ஊரிலேயே வேலை நிலைத்துவிடும், தானும் பாரை விற்றுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுவேன் என்றாராம். போகிற போக்கில், உன் யானைச் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவை என்றும் கேட்டாராம். அப்பா ஓம் என்றுவிட்டார்.

அம்மா வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழும்பினாள்.

“உங்களுக்கென்ன விசரே? அவளுக்குக் கிடைச்சால் அந்தாள் பாரை வித்துப்போட்டுப் போயிடும். இன்னும் ஆறு மாசத்தில கார்ட் மாத்தோணும். வேலை இல்லாமல் எதைக் கொண்டுபோய்க் காட்டப் போறியள்?”

“கேட்ட மனுசனுக்கு ஏலாதெண்டு சொல்லுறதே? அந்தாள் இல்லாட்டி கார்ட்டே இல்லை.”

“ஓம், ஊருக்கெல்லாம் நல்லவர் நீங்கள்.”

இவ்வளவும் என் காதில் விழுந்ததுதான். ஆனால் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: அம்மாவுக்கு ஒரு தேங்காய் செலவழிக்க மனமில்லை. நான் முழுக்க முழுக்க அப்பாவின் கட்சி. மேரியின் படத்தை பத்ரோனின் போனில் பார்த்திருந்தேன். சிவப்புத் தலைமயிரும் மூக்கெல்லாம் புள்ளிகளுமாக இருந்தாள். அவள் வெல்லாவிட்டால் வேறு யார் வெல்வது?

அர்ச்சனை என்றால் நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரம் வேண்டுமென்றால் பிறந்த திகதியும் நேரமும் வேண்டும். அப்பாவின் பிரெஞ்சு குசினிக்குள் நன்றாக ஓடும், வெளியே வந்தால் நொண்டும். ஆகவே என்னைத்தான் பத்ரோனிடம் கூட்டிப்போனார். உங்கள் மகள் எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்று ஒரு பெரிய மனிதரிடம் கேட்கிற வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. பத்ரோன் சிரிக்கவில்லை. உடனே மனைவிக்குப் போன் செய்து கேட்டார். விடியப்புறம் நாலே கால். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் அயர்லாந்துக்குச் செல்லுமா என்று அப்பாவுக்கு ஒரே கவலை. கோயில் ஐயர் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்து, பூராடம் என்றார். அப்பா அதை பாரில் ஓடர் எழுதுகிற துண்டில் எழுதி என் கையில் தந்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீடு இருந்த வில்லியே லே பெல்லிலிருந்து ரயிலேறி லா சப்பலுக்கு வந்தோம். கடையில் தேங்காயும் வெற்றிலையும் வாங்குவதற்குள் நீ போய் அர்ச்சனைச் சிட்டை எடு என்று அப்பா என்னைக் கோயிலுக்கு அனுப்பினார். மழை. சப்பாத்தைக் கழற்றி, குடையை மடக்கி, சிட்டை கொடுக்கிற மாமாவின் முன்னால் போய் நின்றால் கையில் துண்டு இல்லை. சட்டைப் பையிலும் இல்லை.

“பேர்?”

“மேரி.”

அந்த மாமா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

“நட்சத்திரம்?”

பூரமா, பூரட்டாதியா, இன்னும் ஏதோ ஒன்றா? பின்னால் நின்ற ஒரு மாமி, “கெதியாச் சொல்லு பிள்ளை, பூசை துடங்கப் போகுது” என்றாள். எனக்கு நன்றாகத் தெரிந்த நட்சத்திரம் உலகத்தில் ஒன்றுதான். வெள்ளிக்கு வெள்ளி எங்கள் வீட்டு அர்ச்சனையில் முதலில் வருவது. வாய் தன்பாட்டில் ‘விசாகம்’ என்றது. அது அப்பாவின் நட்சத்திரம்.

அப்பா தேங்காய்த் தட்டோடு வந்து சேர, ஐயர் அதை வாங்கிச் சிட்டையைப் பார்த்தார். மேரி என்ற பெயரில் ஒரு கணம் தயங்கி, பிறகு மற்றப் பெயர்களைப் போலவே அதையும் மந்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். விசாகம் என்று அவர் சொன்னபோது அப்பா கண்ணைத் திறந்தார். ஐயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பா திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு, முன்னைவிட இறுக்கமாகக் கைகூப்பினார். அப்பாடா, அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை விழா. பத்ரோன் வேலைக்காரர்கள் எல்லாரையும் குடும்பத்தோடு பாருக்கு அழைத்திருந்தார். பெரிய திரையில் காட்டினார்கள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு சட்டி நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். என்ன இருந்தாலும் வெறுங்கையோடு போக முடியாதல்லவா. ஆண்கள் கறுப்புக் கோட்டிலும் பெண்கள் நிலத்தில் இழுபடும் சட்டையிலும் திரையில் வந்து போனார்கள். மேரி பச்சைச் சட்டையில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் முகம் வந்தபோது பார் முழுக்க மேசையைத் தட்டியது. மேடையில் ஒருவர் கடித உறையைப் பிரித்து வேறு பெயரை வாசித்தார்.

திரையில் மேரி சிரித்துக்கொண்டே கைதட்டினாள். இங்கே பத்ரோன் கிளாஸ் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, அவரும் கைதட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, “சரி, இன்னும் கொஞ்சக் காலம் நீ என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்” என்று பிரெஞ்சில் சொன்னார். அப்பா குசினிக்குள் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே கழுவி வைத்த சட்டியொன்றை எடுத்துத் தேய்த்துக்கொண்டு நின்றார். வெளியே அம்மா கல்யாண வீட்டுக்காரி மாதிரி, “இன்னுமொண்டு எடுங்கோ, எடுங்கோ” என்று தமிழிலேயே எல்லாருக்கும் வடை கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அன்று நான் வெறுத்தேன். என்னை அதைவிட வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லீவு. அம்மா இறைச்சிக் கறிக்குத் தாளிக்க, அப்பா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு போய் எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டு துலைந்தது, பூராடம் மறந்தது, விசாகம் சொன்னது எல்லாம். அம்மா அகப்பையைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ர பிள்ளையாரப்பா! அப்ப அந்த அர்ச்சனை உங்களுக்கெல்லோ போய்ச் சேர்ந்திருக்கு! பாரும் வேலையும் நிலைச்சுட்டுது.”

அப்பா சிரிக்கவில்லை. உள்ளித் தோலை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்கினார்.

“எனக்கு அப்பவே கேட்டது, பிள்ளை,” என்றார்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. “கேட்டதோ? பிறகேன் ஐயரிட்டச் சொல்லேல்லை?”

அப்பா இன்னொரு உள்ளியை எடுத்தார். எனக்கோ தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அத்தனை சனத்துக்கு முன்னால் நான் வெட்கப்படக்கூடாதென்று அப்பா பேசாமல் இருந்திருக்கிறார்! இப்படியோர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று பூரித்துப்போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா என்னைச் சிட்டை எடுக்க அனுப்பவில்லை. தானே போய் நின்று, மேரி, பூராடம் என்று இரண்டு தரம் சொல்லி, அந்த மாமா எழுதியதை எட்டிப் பார்த்து வாங்கினார். ஒன்றுக்கு இரண்டாகத் தேங்காய். அம்மா இந்தமுறை செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலையைத் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

“அப்பா, விருதெல்லாம் குடுத்து முடிஞ்சுதே. இனி என்னத்துக்கு?”

“சும்மா வா,” என்றார் அப்பா.

ஐயர் தட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும், அடுத்தவர்கள் வந்து இடித்த பிறகும், அப்பா கண்ணைத் திறக்காமல் நின்றுகொண்டே இருந்தார். பாவம், விழா முடிந்துபோன விஷயம் அப்பாவுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.