அம்மா சொன்ன உரோமைக் கோயில்

என் தம்பி உரோமையில் கொலோசியத்துக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் விற்கிறான். விசா முடிந்து பல வருடங்களாகிவிட்டன. இங்கே ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. கொட்டாஞ்சேனையில் இருந்த அம்மாவுக்கு அது விளங்கவேயில்லை. வீடியோ அழைப்பில் அவனுக்குப் பின்னால் தெரிந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு, "மகன், அந்தக் கோயிலுக்குள்ள போய் எனக்கொரு மெழுகுதிரி கொளுத்து" என்றார். அவனும் ஓம் என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறவள் நான், என் வீட்டிலேயே இப்படியா? அது கோயில் இல்லை, பேரரசர்கள் சனத்துக்கு வேடிக்கை காட்டக் கட்டிய அரங்கு என்றேன். அடிமைகளும் கைதிகளும் மிருகங்களும் அங்கே அடிபட்டுச் செத்ததையும், இரத்தத்தை உறிஞ்சத் தரையில் மணல் பரப்பியதையும் சொன்னேன். அரங்கைக் குறிக்கும் அரீனா என்ற சொல்லே இலத்தீனில் மணல்தான். பின்னாளில் பூமி அதிர்ந்து ஒரு பக்கம் சரிய, விழுந்த கல்லை எடுத்து மாளிகை கட்டினார்கள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"விசுவாசத்துக்காக வேதசாட்சிகள் செத்த இடமெண்டா கோயில்தானே" என்றார் அம்மா.

பிற்காலத்தில் ஒரு பாப்பரசர் அங்கே சிலுவை வைத்த கதையை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் அம்மாவைப் பிடிக்கவே முடியாது. தம்பியோ பொலிசுக்குப் பயந்து ஒருநாளும் உள்ளே போனதில்லை. மெழுகுதிரி கொளுத்தியாச்சு என்று மட்டும் சொல்லிவைத்தான்.

அம்மா போனபோதும் அவனால் வர முடியவில்லை. சேமக்காலையில் அம்மாவைப் புதைக்கும் குழியருகே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே வளைவுகளுக்கு முன்னால் நின்று அவன் அழுதான். சுவாமி செபம் முடித்ததும் எல்லோரும் மண் போடத் தொடங்கினார்கள்.

"அக்கா, எனக்காகவும் ஒரு பிடி போடு."

அவன் சொல்லி முடிக்கவில்லை, அங்கே யாரோ கத்தினார்கள். பொலிஸ். தம்பி ஓடினான். திரையில் கல், சப்பாத்து, வானம், மறுபடியும் கல். அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது.

குழியைச் சுற்றி நின்றவர்கள் அம்மாவை விட்டுவிட்டு என் கையைச் சுற்றி நெருக்கியடித்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேறென்ன செய்ய? அந்த அரங்கின் படிகளில் இருந்து பார்த்த சனத்தை வகுப்பில் எத்தனை தரம் ஏசியிருப்பேன். இணைப்பு அறுந்தது.

அவன் பிடிபட்டானா இல்லையா என்று தெரியாமலே, அவனுடைய பிடி மண்ணையும் நானே போட்டேன்.