புகையிலைக் கடையில் ஓர் இரவல் மூக்கு

புகையிலைக் கடைக்காரனுக்குத் தராசு கெட்டுப்போனால் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். மூக்கு கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது?

சளி பிடித்த நாளிலும் ஷட்டரைத் தூக்கியே ஆக வேண்டிய கடைக்காரச் சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது.

திருவாரூர் கடைத்தெருவில் என் கடை. கம்பெனி சிகரெட் கிடையாது, முழு இலைதான். வீட்டிலேயே சுருட்டு சுருட்டிக்கொள்கிறவர்களும், மெல்லிய தாளில் சிகரெட் உருட்டிக்கொள்கிறவர்களும்தான் என் வாடிக்கை. வெயில் படாமல் கொட்டகை நிழலில் தொங்கி, காற்றிலேயே ஆறிக் கறுத்த இலை ஒரு ரகம். அதைக் கருப்பு இலை என்போம். காரம் குறைந்த மஞ்சள் இலை இன்னொரு ரகம். இரண்டையும் ஆளுக்குத் தகுந்தபடி கலந்து கொடுப்பது என் தொழில். நான் புகை குடிப்பதில்லை. ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அன்றைய வியாபாரம் முழுக்க இருமலிலேயே போய்விடும். எல்லாம் மூக்குதான். இலையைக் கசக்கி ஒரு தடவை முகர்ந்தால் அது பழுத்ததா, பச்சையா, எந்த மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

விக்கல்

சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவோ, சிகரெட்டுக்குக் கருப்பு இலை அவ்வளவுதான். ஒரு சிட்டிகை போட்டால் மணக்கும். அதற்கு மேல் போட்டால் தலை சுற்றும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்கும் கார்த்திக் என்கிற பையன் ஒருநாள் வந்தான். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். "எனக்குக் கருப்பு இலை மட்டும் போதும் பாய், கலப்பெல்லாம் வேண்டாம்" என்றான். நானும் பெருங்காயக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவன் காதில் இயர்போன். சரி, வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பது தர்மம் என்று கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறான். முகம் வெளுத்திருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நான் கல்லாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் சொன்னது இது: "கைடு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விக்கல்தான் வந்துச்சு பாய். பாவம்னு நினைச்சு, அத்தியாயத்தை அடுத்த மாசம் குடுன்னுட்டார். இன்னும் கொஞ்சம் கட்டிக் குடுங்க."

நடுக்கடலில் அணைந்தது

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவர் வேலாயுதம். சொந்தப் படகு. தனக்கும் கூட வரும் ஆட்களுக்கும் சேர்த்து இலை வாங்கிப் போய், கரையில் உட்கார்ந்து அவரே சுருட்டுச் சுற்றிக்கொள்வார். அவருக்கு மணம், ருசி எதுவும் முக்கியமில்லை. காற்றில் அணையக்கூடாது, அவ்வளவுதான். கருப்பு இலை மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும் என்பதால் அவருக்கு அதைத்தான் நிறைய வைப்பேன். மேலே சுற்றுகிற இலையில் கொஞ்சம் ஈரப்பதம் இருக்க வேண்டும். காய்ந்துபோனால் சுற்றும்போதே வெடித்துவிடும்.

ஒரு தடவை கருப்பு இலை வரத்துக் குறைவு. மஞ்சள் இலையைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்துவிட்டேன். கடலுக்குப் போகிறவருக்கு இது தெரியவா போகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கோபப்படவே இல்லை. மீன் ஒன்றை வாழை இலையில் சுற்றி என் மேசைமேல் வைத்தார். அது பாசத்தில் கொடுத்தது. அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "நடுக்கடல்ல அணைஞ்ச சுருட்டை வாயில வச்சிக்கிட்டு என்ன பண்றது பாய். திருவாரூர் எந்தப் பக்கம்னு பாத்து, அந்தப் பக்கமா திரும்பி நின்னு ஏசிட்டு வந்தேன்."

மூக்கு போச்சு

ஐப்பசி அடைமழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தெரிந்தது கடையில்தான். அந்த வருஷத்துக்கான கருப்பு இலைச் சிப்பங்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. ஒன்றைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டேன். வெறும் காற்று. இன்னும் ஆழமாக விட்டேன். தும்மல் மட்டும் வந்தது. மழைக்காலத்தில் கருப்பு இலை ஒவ்வொரு நாளும் மாறும். நன்றாகப் பழுக்கிற இலைக்கும் பூசணம் பிடிக்கிற இலைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதற்குள் காரியம் கெட்டுவிடும். மூக்குக்குத்தான் முதலில் தெரியும். ஒரு மூலையில் பிடித்த பூசணம் எல்லாச் சிப்பத்துக்கும் பரவினால் சரக்கு முழுக்கக் குப்பைக்குத்தான். மூக்கு இல்லாமல் கலக்குகிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் வாடிக்கையும் போகும். அப்புறம் கடைக்குப் பூட்டுதான். பயந்துவிட்டேன் என்பதை மறைப்பானேன்.

டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, "வரும், பொறுமையா இருங்க" என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து மளிகைக் கடை ராஜேந்திரன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, டப்பாவில் இருந்த கட்டிப் பெருங்காயத்தை உடைத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். நான் சுவரொட்டியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய். நானும் ரெண்டு மூணு பேர்கிட்டதான் சொல்லுவேன்."

கொல்லைக் கொடி

என் மனைவி ரஹ்மத்துக்குப் புகையிலை வாடை ஆகாது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் காற்றில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்ததும் அவள் போட்ட முதல் சட்டம், கடைச் சட்டையோடு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பது. கொல்லைப்புறமாக வந்து, சட்டையைக் கழற்றித் தனிக் கொடியில் போட்டுவிட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் கொடியில் வேறு துணி எதுவும் காயாது. மறுநாள் காலையில் அந்தச் சட்டையைத் தனி வாளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைப்பாள்.

மூக்கு போன அந்த வாரத்தில் ஒருநாள் நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "மச்சான், கடையில என்ன கெட்டுப்போச்சு?" ஒன்றுமில்லையே என்றேன். "நேத்து வரைக்கும் வந்தது மாட்டுக் கொட்டகை நாத்தம். இது நனைஞ்ச சாக்கு நாத்தம். இது வேற" என்றாள். தலையில் ஊற்றிய தண்ணீரைத் துடைக்காமல் மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். சுவரோரச் சிப்பத்தின் அடியில் கையளவு வெள்ளைப் பூசணம். வெட்டி எறிந்து, மற்றதையெல்லாம் பிரித்து ஆற வைத்தேன். ஒரு நாள் தாமதித்திருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சிப்பத்துக்கும் ஒரு கைக்குட்டை. இலையில் தேய்த்து, அடையாளம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். ரஹ்மத் கொல்லைக் கதவருகே நின்று, முக்காட்டின் நுனியை மூக்கிலிருந்து ஒரு கணம் விலக்கி, உடனே மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள். மாட்டுக் கொட்டகை என்றால் பழுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வெல்லம் என்றால் விற்கலாம். "தாங்க முடியலை, எடுத்துட்டுப் போங்க" என்றால் முதல் தரம். கொஞ்ச நாளில் கைக்குட்டை போதவில்லை. கடைக்கே வந்து பின்கட்டில் உட்கார ஆரம்பித்தாள். அவளுக்கு நாற்றம் பிடிக்கவில்லை. நாற்றத்தைக் கண்டுபிடிப்பது பிடித்துவிட்டது. முதன்முதலாக வேலாயுதத்துக்கு அவளே கலந்து கட்டிக் கொடுத்த அன்று, பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "இதையும் ஆசையா வாங்கிட்டுப் போறாங்களே மச்சான், அந்த வீட்டுப் பொம்பளைங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

பீரோ

ராஜேந்திரன் சொன்ன சொல் தவறாதவர். ரெண்டு மூணு பேரிடம் சொல்லிவிட்டார். அது வலங்கைமான் வரைக்கும் போய்விட்டது.

வலங்கைமானில் பஞ்சநாதம் ஐயா என்று ஒரு மிராசு. நஞ்செய் நிறைய, நாக்கு அதைவிட நீளம். சாப்பாட்டுக்கு அப்புறம் தானே சுருட்டி ஒரு சுருட்டுக் குடிப்பார். ஒவ்வொரு தடவையும் என் இலையில் ஏதோ மருந்து வாடை அடிக்கிறது என்று குறை சொல்வார். நான் சிப்பத்தை முகர்ந்து பார்த்து, இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வேன். அன்று காரை விட்டு இறங்கும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். "மூக்கே இல்லாம கலக்குறீராமே. அதான் மருந்து வாடையா? இதை நாலு பேர்கிட்ட சொன்னா உம்ம கடை என்ன ஆகும் தெரியுமா?" தெரியும் என்பதால்தான் மேசைமேல் சிந்தியிருந்த இலைத் தூளைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய இலை டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்கட்டிலிருந்து ரஹ்மத் வந்தாள். முக்காட்டை விலக்கினாள். இந்தத் தடவை உடனே மூடிக்கொள்ளவில்லை. "இதுல இலை நாத்தமே இல்லீங்க. பாச்சா உருண்டை நாத்தம். பட்டுப்புடவை இருக்கிற பீரோவுலயா வச்சிருக்கீங்க?" என்றாள். ஐயாவின் குரல் இறங்கிவிட்டது. அவர் அதிகமாகச் சுருட்டுக் குடிக்கிறார் என்று அவர் வீட்டம்மாதான் டப்பாவைப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாராம். புது இலையை வாழைநாரில் கட்டி வாங்கிக்கொண்டு, காரில் ஏறுவதற்கு முன் என் காதருகே குனிந்து சொன்னார்: "யாரைத் திட்டணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு பாய். ஆனா அங்க திட்ட முடியாது, அதனால உம்மையே திட்டிக்கிறேன், கோச்சுக்காதேயும்."

மூக்கு வந்தது

தை பிறந்து, அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் பல் தேய்க்கக் கொல்லைக்குப் போனேன். யாரோ முகத்தில் அறைந்தது போல ஒரு வாடை. மாட்டுக் கொட்டகை, பழைய வெல்லம், நேற்றைய வியர்வை எல்லாம் சேர்ந்து அடித்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். கொடியில் என் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறவனுக்கு அது தெரிந்ததே இல்லை. மூக்கு வந்துவிட்ட சந்தோஷத்தை விட, இதையா இவள் கல்யாணமான நாளிலிருந்து தினம் துவைக்கிறாள் என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அவளை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, வெற்றி வீரனாகக் கடைக்குப் போனேன். வேலாயுதம் வந்தார். இலையைக் கசக்கி, கண்ணை மூடி முகர்ந்து, பழைய கம்பீரத்தோடு கலந்து நீட்டினேன். அவர் வாசலில் நின்று ஒன்று சுற்றிப் பற்ற வைத்தார். வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பாய்" என்று இழுத்தார். அப்புறம், "பாயம்மா நாளைக்கு வருவாங்கல்ல? நான் நாளைக்கே வந்து வாங்கிக்கிறேன்" என்று பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மூக்கு வந்ததையும், சட்டையை முகர்ந்ததையும், வெட்கப்பட்டதையும், வேலாயுதம் வைத்துவிட்டுப் போன பொட்டலத்தையும் சொன்னேன். ரஹ்மத் கேட்டுக்கொண்டே கடைச் சாவியை என் பையிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தனி வாளியை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். "நல்லதாப் போச்சு மச்சான். கலவையை நான் பாத்துக்குறேன். மூக்குதான் வந்துடுச்சே, இனிமே சட்டையை நீங்களே துவைங்க."

இப்போது கடையில் இலை அவள் பொறுப்பு, கொல்லையில் சோப்பு என் பொறுப்பு. மூக்கு இல்லாதபோது முதலாளியாக இருந்தவன் மூக்கு வந்ததும் சலவைக்காரன் ஆனதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.