பித்தளைப் பேனாவும் ஒரு வேண்டாமும்

கல்யாண வீட்டில் பேனா கேட்டு வாங்குகிறவர் எவரும் அதைத் திருப்பித் தந்ததில்லை. இருபத்தைந்து வருஷமாகத் திண்டிவனத்தைச் சுற்றிக் கல்யாணச் சமையல் செய்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். "மாஸ்டர், ஒரு நிமிஷம் பேனா குடுங்க" என்று கை நீளும். கவர்மேல் பெயர் எழுதவோ, யாருடைய போன் நம்பரையோ குறிக்கவோ வாங்குவார்கள். அப்புறம் அந்தப் பேனா அவர் பையில் ஏறி அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடும். எழுதாத பேனாவாக இருந்தால் மட்டும் உடனே வந்து நம் பையிலேயே செருகிவிட்டுப் போவார்கள்.

அப்படித் திரும்பி வந்த பேனா ஒன்றுதான் கிளியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் என் மானத்தை வாங்கியது. சாமான் பட்டியல் எழுதுவதை எங்கள் பக்கத்தில் சும்மா செய்துவிட மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்து, வெற்றிலைத் தட்டு வைத்து, வீட்டார் சுற்றி உட்காருவார்கள். சமையல்காரன் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் மஞ்சள் என்று எழுத வேண்டும். நான் சுழி போட்டேன். விழவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டேன். காகிதத்தில் பள்ளம் விழுந்தது, சுழி விழவில்லை. பெண்ணின் அத்தை, "ஆரம்பமே இப்பிடிக் கீதே" என்றார். அந்தக் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆனால் எனக்கு அந்தப் பள்ளம் மறக்கவில்லை. நான் பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். கேஸ் வால்வை மூடியபின் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனுக்கு இது போதாதா?

இந்த நிலையில்தான் செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுக் கல்யாணம் எனக்கு வந்தது. நயினார் என்றால் இந்த மண்ணிலேயே காலங்காலமாக இருக்கிற சமணக் குடும்பத்தார். அவர்கள் கல்யாணச் சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது. மண்ணுக்குள் விளையும் கிழங்கு எதுவும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் பந்தி முடிந்துவிட வேண்டும். வழக்கமாக அவர்களுக்குச் சமைக்கிறவருக்குக் கால் முறிந்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடலாமா என்று அந்த வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்ததாம். இதில் நன்றாகச் செய்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்களில் அவர்கள் சொந்தக்காரர் வீடுகளெல்லாம் எனக்குத் திறக்கும். ஒரு பல் பூண்டு உள்ளே போனாலும் அப்புறம் அந்த ஊர்களில் எந்தச் சமையலறைப் படியும் நான் மிதிக்க முடியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்.

அவர்கள் முன்னால் சுழி விழாமல் போனால்? அதனால் தொட்டவுடனே எழுதுகிற மை பேனா வாங்குவது என்று முடிவு செய்தேன். கனமாக, பார்வையாக ஒரு பேனா. யாரும் லேசில் கேட்காத பேனா. இதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை பென்சில்தான், ஆறாம் வகுப்பில்தான் மை பேனா தருவார்கள். நான் ஐந்தோடு நின்று டீக்கடையில் கிளாஸ் கழுவப் போய்விட்டேன். மை பேனாவை ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை.

அமாவாசையன்று வேலை இல்லை என்று விழுப்புரத்துக்குப் புறப்பட்டேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் நிலையத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. இடித்துப் பிடித்து வெளியே வந்து ஒரு ஃபேன்சி கடைக்குள் நுழைந்தேன். பிளாஸ்டிக் மை பேனா இரண்டைக் காட்டினார்கள், இரண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. வேறு வேண்டும் என்றதும் கடைப் பெண் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே பித்தளைப் பேனா. உடம்பு முழுக்கக் கொடி சுற்றியிருந்தது, மூடியில் ஒரு மயில். கையில் வாங்கினால் சின்னக் கரண்டிக் காம்பு கனம்.

"கிஃப்ட்டுக்காண்ணா? கலர் பேப்பர் சுத்தித் தரட்டா?"

"இல்லம்மா, எழுதறதுக்கு."

"எழுதறதுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா, இந்த மயில் பேனா எழுதுமா?"

உள்ளேயிருந்து, "இதுவரிக்கும் எழுதலன்னு யாரும் கொண்டாரல" என்று பதில் வந்தது. எழுத வாங்கியவர் யாரும் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். நான் அதை அப்போது புரிந்துகொள்ளவில்லை.

"மை இருக்காம்மா?"

"கண் மையாண்ணா? அந்தப் பக்கம்."

"பேனாவுக்கு."

"அய்ய, இங்க்குன்னு சொல்லுங்க!"

மை இல்லாத நிப்பால் என் உள்ளங்கையில் ஒரு சுழி போட்டுப் பார்த்தேன். கீறியது. பித்தளை பச்சை பிடிக்குமா, வேர்வை பட்டால் நாறுமா, சட்டைப் பை தாங்குமா என்று வரிசையாகக் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாக, "தெரியலண்ணா, தெரியலண்ணா" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் வாங்கிவிட்டேன். திரும்பும்போது கூட்டத்தில் மைப்புட்டி உடைந்துவிடும் என்று அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர், "இன்னா சார் அது, தீர்த்தமா?" என்றார்.

மை நிரப்பியது தனிக் கதை. என் மனைவி பத்தாவது படித்தவள். வீட்டில் எழுத்து விஷயம் எல்லாவற்றுக்கும் அவள்தான் தலைமை. பேனாவைத் திருகிப் பிரித்தாள். உள்ளேயிருந்து கண்ணாடி போல ஒரு சின்னக் குழாய் வந்தது.

"இது இன்னாது?"

"உள்ள ஆடாம இருக்க வெச்சிருப்பாங்க. தூக்கிப் போடுங்க. நாங்கல்லாம் கட்டையிலதான் ஊத்துவோம்."

கட்டை என்றால் பேனாவின் கீழ்ப்பாதி. அதில் நிறைய மை ஊற்றி, இறுக மூடி, வெற்றியோடு என் கையில் கொடுத்தாள். நான் சுழி போட்டேன். விழுந்தது, அழகாக விழுந்தது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பேனாவின் அடியிலிருந்தும் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் மயிலின் கழுத்திலிருந்து ஒன்று. கொடியின் பள்ளங்களிலெல்லாம் மை ஓடி நிரம்பியது. என் வேட்டி, பாய், பாய்க்குக் கீழே தரை.

"இன்னா மனுசன் நீங்க, இதப் போயி வாங்கிகினு வந்திருக்கீங்க!"

"ஊத்துனது யாரு?"

"ஓட்டப் பேனாவ வாங்குனது யாரு?"

நல்லவேளை, குழாயை நான் தூக்கிப் போடவில்லை. எதையும் தூக்கிப் போடப் பயம். அவள் அதை எடுத்து முனையைத் திருகிப் பார்த்தாள். உள்ளே ஒரு அடைப்பு மேலும் கீழும் போனது. "அட, டாக்டர் ஊசியில மருந்து இழுக்கற மாதிரி" என்றாள். நிப்பில் சொருகி, மைக்குள் முக்கித் திருகினோம். குமிழ் விட்டுக் குடித்தது. இதைச் சொல்லித் தர ஒரு துண்டுக் காகிதம்கூடப் பெட்டியில் வைக்காமல் வெல்வெட் மட்டும் வைத்திருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல?

மறுநாள் என் விரல் நீலத்தைப் பார்த்த காய் நறுக்கும் அக்கா, "இன்னாண்ணே, எலெக்சனே இல்ல, நீ மட்டும் ஓட்டுப் போட்டுகினு வந்துட்ட" என்றார். சிரிப்பு அடங்க அரை மணி ஆயிற்று.

நயினார் வீட்டில் பட்டியல் எழுதிய அன்று பேனா என் பேச்சைக் கேட்டது. கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எதிரே. மயிலைப் பார்த்து ஐயா, "பேனா ஜோரா கீது மாஸ்டர்" என்றார். சுழி முதல் தொடுகையிலேயே விழுந்தது. என் நெஞ்சும் சரியான இடத்துக்கு வந்தது. மளிகைப் பட்டியல் முடிந்து, வேறு தாளில் மறுபடி சுழி போட்டுக் காய்கறிப் பட்டியலுக்கு வந்தேன். வாழைக்காய், பரங்கிக்காய், புடலை, அவரை, கொத்தவரை. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

எனக்கு அங்கே ஒரு பயம் வந்தது. திண்டிவனத்தில் நான் வழக்கமாக வாங்குகிற காய்கறி மண்டிக்காரர் என் பட்டியலைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவர். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அவராகவே வெங்காயம் ஏற்றிவிட்டால்? ஆகவே பட்டியலின் அடியில் எழுதினேன்: வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் கண்டிப்பாக வேண்டாம். போதாது என்று கட்டம் கட்டினேன். அதுவும் போதாது என்று 'வேண்டாம்' அடியில் அழுத்தி இரண்டு கோடு போட்டேன். தாளை இரண்டாக மடித்தேன்.

மடித்த உடனே மை காயவில்லையே என்று உறைத்தது. பிரித்தேன். அடியில் இருந்த 'வேண்டாம்' குளமாக நின்றது, தலைப்பில் சுழிக்குப் பக்கத்திலும் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. துண்டின் முனையால் குளத்தை மட்டும் ஒற்றினேன். ஒற்றினேன் என்று நினைத்தேன், தேய்த்திருக்கிறேன். சுழி போட்ட பட்டியலை அவர்கள் எதிரிலேயே கிழித்துப் புதிதாக எழுத மனம் வரவில்லை. இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கு எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. எழுதினவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், நயினார் வீட்டு வாசலுக்குக் காய்கறி ஏற்றிய குட்டி யானை வண்டி வந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. வாழைத்தார்களுக்குப் பின்னால் வெங்காயம், உருளை என்று சிவப்பு வலை மூட்டைகள், ஆறு. மண்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"இன்னாண்ணே இது, வெங்காயம்?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க. அளவு போடல, நானே உத்தேசமா ஏத்திட்டேன்."

"வேண்டாம்னு எழுதியிருக்கேன்யா!"

"அண்ணே, கட்டம் கட்டி, ரெண்டு கோடு போட்டு, கண்டிப்பாக வேண்டும்னு எழுதியிருக்கீங்க. அவ்ளோ அழுத்தி எழுதுன பொறவு அனுப்பாம இருந்தா நல்லாருக்குமா? டிரைவர்கிட்ட சீட்டு குடுத்தனுப்பிச்சிருக்கேன், பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். 'கண்டிப்பாக' பளிச்சென்று இருந்தது. 'வேண்' இருந்தது. 'ம்' இருந்தது. நடுவில் இருந்த 'டா' நீலமாகக் கரைந்து, பார்க்கிறவர் மனசுபோல 'டு' ஆகியிருந்தது.

அதற்குள் பெண்ணின் அம்மா வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். ஐயாவும் பின்னாலேயே. அம்மா மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐயாதான் கேட்டார், "இன்னா மாஸ்டர், நாங்க சொன்னது மறந்துபோச்சா?"

"வேண்டாம்னுதாங்க எழுதினேன். இந்தப் பேனா..." என்று சீட்டை நீட்டினேன். பேனாமேல் பழி போடுகிறான் என்றுதானே நினைப்பார்கள், ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி.

ஐயா சீட்டை அடியில் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். தலைப்பைப் பார்த்தார். சுழிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த மங்கலான நீலத்தில் அவர் கண் நின்றது. சீட்டைத் தலைகீழாகப் பின்பக்கம் திருப்பி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"டா தெரியுது" என்றார் மெதுவாக. "இங்க வா, நீயே பாரு. வேண்டாம்."

அம்மா எட்டிப் பார்த்தார். மடித்தபோது பதிந்த எழுத்து, கண்ணாடியில் பார்த்ததுபோல் பதிந்தது, பின்பக்கத்திலிருந்து வெயிலில் நேராகத் தெரிந்தது. இரண்டு கோடும் தெரிந்தன.

"எழுதியிருக்கார்" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "வேணுங்கறத எழுதினா போதாதா? வேண்டாதத எதுக்குங்க எழுதறீங்க?"

"அவரா ஏத்திடுவாரோன்னு பயந்துதாங்க..."

"பயந்து நீங்களே ஏத்திட்டீங்க."

வண்டியை அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னார். வெங்காயத்தோடு வந்த வாழைக்காயும் அவரையும்கூட இறங்கவில்லை. வேறு வண்டியில் வேறு காய் வரட்டும் என்றார். டிரைவர், "பேஜாரு புடிச்ச சவாரி" என்று முணுமுணுத்தபடி ரிவர்ஸ் எடுத்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். மூட்டை போய்விட்டது. நான் போக வேண்டுமா, நிற்க வேண்டுமா?

உள்ளே பாதி தூரம் போன அம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க இன்னாத்துக்கு அங்கியே நிக்கறீங்க? அடுப்ப யாரு பத்த வைக்கறது? ஜல்தியா வாங்க." ஓடப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பேனாவ மட்டும் உள்ள எடுத்துகினு வராதீங்க."

கேட்டுக்குப் பக்கத்தில் மதில்மேல் வைத்துவிட்டுப் போனேன். அன்று மாலைப் பந்தியும் மறுநாள் முகூர்த்தப் பந்தியும் பொழுதிருக்கவே முடிந்தன. பரங்கிக்காய்க் கூட்டை ஐயா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தேன். இரண்டு நாளாக நூற்றுக்கணக்கான பேர் அந்த மதிலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், பேனா வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருவரும் தொடவில்லை. நான் எதற்காக அதை வாங்கினேனோ அது நிறைவேறிவிட்டது, சரி.

போன மாதம் அந்த ஐயாவின் தங்கை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அதே பேனாவால்தான் எழுதினேன். வேண்டியதை மட்டும் எழுதி, அரை மணி நேரம் ஃபேனுக்குக் கீழே உலர்த்தி, மடிக்காமல் அட்டைமேல் வைத்து எடுத்துப் போனேன். வேண்டாததைப் போனில் சொல்லிவிட்டேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மண்டிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே," என்றார், "உங்களுக்கு மொத்தம் எத்தினி வேண்டாம் வேணும், சொல்லிடுங்க."